தவிட்டுக்கு வாங்கிய வாரிசு

சோறு தின்ன அடம்பிடிக்கிற பிள்ளையிடம், "ஒன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பிள்ளை உதட்டைப் பிதுக்கும். பெரியவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இல்லடா தங்கம், சும்மா சொன்னோம்" என்பார்கள். என்னிடம் அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் சொன்னதில்லை. என்னை உண்மையிலேயே தவிட்டுக்குத்தான் கொடுத்தார்கள்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் தங்கவில்லை. மூத்தவள் அக்கா மட்டும்தான் தங்கினாள். அப்புறம் நான் பிறந்தபோது, எமனுக்கு எங்கள் வீட்டு வழி பழகிப்போய்விட்டது என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அதற்கு ஊரில் ஒரு வைத்தியம் இருந்தது. பிள்ளையை ஒரு முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தவிடு வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்குப் போன பிள்ளையென்றால் எமனுக்கே இளக்காரமாகிவிடுமாம். எட்டிப் பார்க்க மாட்டானாம். பிள்ளை பெற்ற வீட்டிலேயே வளரும், பால் குடிக்கும், உதை வாங்கும். ஆனால் கணக்குக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் வளர்ந்து தேறிய பிறகு, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

என்னை வாங்கியது சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுப் பெரியம்மா. சொந்தமெல்லாம் இல்லை, அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு மரக்கால் தவிடு கொடுத்தார் என்று அம்மா சொல்வார். ஒன்றரை மரக்கால் என்று பெரியம்மா சொல்வார். என் சந்தை நிலவரம் குறித்து இருவருக்கும் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா லாரி டிரைவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது எனக்கு வந்தபோது, அவர் வடக்கே எங்கேயோ லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அம்மா கடலைக் கொல்லையில் களையெடுப்பில் இருந்தார். பெரியம்மாதான் என் தலையில் எண்ணெயைக் கவிழ்த்து, கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

"யாரு பிள்ளம்மா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"எம் மகன்."

"அப்பா பேரு?"

பெரியம்மா புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். அந்தக் காலத்துப் பழக்கம். என் அப்பா பெயரைக் கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பார். கேட்டது 'பிள்ளையின் அப்பா' பெயரை. பிள்ளையோ அவர் காசு போட்டு, இல்லை, தவிடு போட்டு வாங்கிய பிள்ளை. அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ள, பெரியப்பாவை நன்றாகத் தெரிந்த ஹெட்மாஸ்டர் தாமாகவே அவர் பெயரை எழுதி என்னையும் உள்ளே அனுப்பிவிட்டார். அன்றைக்கு என் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெரியப்பாவின் இனிஷியல் இன்னும் எழுந்திருக்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கிய அப்பாவிடம் அம்மா பதறிப்போய்ச் சொன்னாராம். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "இருக்கட்டும் விடு. எமன் ரெஜிஸ்தர எடுத்துப் பாத்தாலும் ஆளு கிடைக்க மாட்டான்" என்றாராம். எமன் குழம்பினானோ என்னவோ எனக்குத் தெரியாது. தாசில்தார் ஆபீஸ் குழம்பிவிட்டது.

அது பின்னால் நடந்தது. அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. பெரியப்பா காலமானபோது, அவருக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. என் பள்ளிச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் அவர்தான் என் தகப்பனார். மனைவி ஒருவர், மகன் ஒருவர் என்று இரண்டு வரிசையில் சான்றிதழ் சுத்தமாக வந்துசேர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. காகிதம் காகிதத்தோடு ஒத்துப்போனால் உலகத்தில் சண்டையே வராது. பெரியம்மா அந்தச் சான்றிதழை மடிக்காமல், சாமி படத்துக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்.

சில வருஷம் கழித்து அப்பாவும் போய்ச் சேர்ந்தார். வீடு, கொஞ்சம் கடலைக் கொல்லை, கொல்லை ஓரத்தில் நாலு வரிசை தைலமரம், ஓடாத ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி, பேங்கில் நாமினி போடாத ஒரு கணக்கு. உயில் கியில் எதுவும் இல்லை.

நான் வணிகவியல் வாத்தியார். பிள்ளைகளுக்கு செக், சலான், லாபப் பங்கீடு எல்லாம் கரும்பலகையில் போட்டுக்காட்டுகிறவன். அதனால் சொத்து விவகாரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி, இன்டர்நெட்டில் ராத்திரியெல்லாம் படித்தேன். 'ப்ரொபேட்' என்ற சொல் அங்கேதான் கிடைத்தது. உச்சரிக்கும்போதே பாதி வக்கீல் ஆகிவிட்டது போல் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "ப்ரொபேட் போடணும், அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். அவர்களும் ஏதோ வயலுக்கு உரம் போடுகிற விஷயம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பெண் வக்கீல் ஒருவரிடம் போனேன். என்னைவிடப் பாதி வயது இருக்கும். என் ப்ரொபேட்டை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சார், அது உயிலை கோர்ட்டுல நிரூபிக்கிற நடைமுறை. அதுவும் மெட்ராஸ் மாதிரி ஊருல எழுதுன உயிலுக்குத்தான் கட்டாயம்னு சொல்லுவாங்க. ஒங்க அப்பா உயில் எழுதுனாரா?"

"இல்லைங்க."

"அப்ப எதைக் கொண்டுபோய் ப்ரொபேட் பண்ணப்போறீங்க? லாரியவா?"

வேண்டியதெல்லாம் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்தான் என்றார் அவர். இ-சேவையில் விண்ணப்பம் போட வேண்டும், வி.ஏ.ஓ. வந்து விசாரிப்பார், ஆர்.ஐ. ஒப்புதல் கொடுப்பார், தாசில்தார் கையெழுத்துப் போடுவார், அதை வைத்துப் பட்டாவை மாற்றிக்கொள்ளலாம், பேங்கிலும் காட்டலாம். "இதுக்கு எதுக்கு சார் வக்கீல்? நீங்களே பண்ணிருவீங்க" என்று அனுப்பிவைத்தார். ஃபீஸ்கூட வாங்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

விண்ணப்பம் போட்டேன். தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பிரிவைப் பார்க்கும் உதவியாளர், என் காகிதங்களைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும் சார்?"

"மகன்."

"ஆதார்ல வேற அப்பா பேரு இருக்கே."

"அது தவிட்டுக்கு வாங்குனவரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் கதையைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார். கதை முடிந்ததும் உதவியாளர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்:

"சார், நம்ம ஆபீஸ்லயே முன்னாடி ஒரு வாரிசுச் சான்று குடுத்திருக்கு. அதுல நீங்க அவருக்கு மகன். இப்ப இவருக்கும் மகன்ங்கறீங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு அம்மாகூடக் கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டு அப்பா எப்படிங்க சார்?"

பக்கத்து மேசை, "ரெண்டு பேருமே டெட்டு. சண்டைக்கும் வர மாட்டாங்க" என்றது.

அவர்கள்மேல் தப்பே இல்லை. காகிதத்தை நம்பத்தான் அவர்களுக்குச் சம்பளம். நான் மகன்தான் என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவரச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் சந்தேகமில்லாத வாரிசுகளுக்கு மட்டும் சான்று கொடுத்தார்கள். மனைவி ஒருவர். மகள் ஒருவர். ஆகமொத்தம் இருவர்.

குளத்தூரில் வாக்கப்பட்டிருக்கும் அக்கா அன்றைக்கு வீட்டில் இருந்தாள். சான்றிதழைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சின்ன வயசுலேருந்து கரடியாக் கத்துறேன், யாரு கேட்டா? கவர்மெண்டே சீல் வச்சுச் சொல்லிருச்சு பாரு. ஏண்டா, வந்தவன் காப்பியக் குடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குக் கெளம்பு" என்றாள். நானும் சிரித்தேன். அவள் ஒரு கையெழுத்தில் என் பங்கை எனக்கே எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் எண்ணம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சான்றிதழைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமா என்று.

"எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு போட்டிருக்கா?"

"அப்படிப் போடலம்மா. என் பேரு இல்ல, அவ்வளவுதான்."

"ரெண்டத் தூக்கிக் குடுத்துட்டு, ஒன்ன எப்படிக் காப்பாத்துனேன்னு எனக்குத்தான் தெரியும். ஒங்கப்பா காயிதத்துல நீ இல்லன்னா, அந்த ரெண்டோட ஒன்னையும் சேத்துல்ல எழுதிட்டாங்க."

இதற்கு மேல் எனக்கு வேடிக்கை வரவில்லை. மறுபடியும் மாடிப்படி ஏறி வக்கீலிடம் போனேன்.

அவர் இரண்டு வழி சொன்னார். சுலபமான வழி, அம்மாவும் அக்காவும் என் பங்கை செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுப்பது. சொத்து வந்துவிடும், மகன் என்ற பெயர் வராது. கஷ்டமான வழி, நான் அப்பாவின் மகன்தான் என்று அறிவிக்கக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. அம்மாவைக் கேட்டுவந்து, கஷ்டமான வழிதான் என்றேன்.

"அப்ப ஒரே ஒரு சாட்சிதான் சார் முக்கியம். ஒங்கள வாங்குன அம்மா. அவங்க கூண்டுல ஏறி, 'இவர் என் மகன் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

ஒரு வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

வழக்குப் போட்டாயிற்று. வக்கீல் தயாரித்த பிரமாண வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். 'வாதி எனக்கோ என் கணவருக்கோ மகன் அல்ல' என்ற வரி வந்ததும், கீரையை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

"இத நான் சொல்லணுமா?"

"ஆமா பெரியம்மா."

"சத்தியம் பண்ணியா?"

"கோர்ட்டுல்ல. சத்தியம் பண்ணித்தான்."

"அப்பச் சொல்ல மாட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணுனா நார்த்தாமல ஆத்தா கண்ணக் குத்திருவா."

"பெரியம்மா, நீங்க என்னையப் பெக்கலியே."

"பெத்தேன்னா சொன்னேன்? வாங்குனேன். இன்னும் திருப்பிக் குடுக்கல."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர், பார்வையைத்தான் மறைக்கும்.

"என்னக்கா பேசுற? இவனுக்கு மொட்ட போட்ட வருசம் தவிடு அளந்து மீட்டேனே, மறந்துபோச்சா?"

"அது தவிடா?"

"பின்ன?"

"உமி" என்றார் பெரியம்மா, கீரையைப் பார்த்தபடி. "மேலாப்புல ஒரு கையி தவிட்டத் தூவி, கீழ பூராம் உமி. உமிக்கு யாராச்சும் புள்ளயத் திருப்பிக் குடுப்பாளா?"

"மில்லுக்காரன் அப்படித்தான் போட்டுக் குடுத்தான். நான் என்னத்தக் கண்டேன்?"

"அது ஒனக்கும் மில்லுக்காரனுக்கும் உள்ள வழக்கு. எனக்கு வந்தது உமி."

இத்தனை வருஷம் இந்த உமி விவகாரம் எனக்குத் தெரியாது. ஒரே குழம்பை இரண்டு வீட்டிலும் ஊற்றித் தின்றவர்கள், தீபாவளிக்கு ஒரே கடையில் சேலை எடுத்தவர்கள், எனக்குப் பெண் பார்க்க ஒன்றாகப் பஸ் ஏறியவர்கள். இதை மட்டும் பேசாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பேசினால் மறுபடி தவிடு அளக்க வேண்டிவரும் என்று ஒருவர் வாயைத் திறக்கவில்லை. அதே காரணத்துக்காகவே இன்னொருவரும் திறக்கவில்லை.

நான் படித்தவன் இல்லையா, தீர்வு உடனே தோன்றியது. தவிட்டால் வந்த வழக்கைத் தவிட்டாலேயே தீர்த்துவிடலாம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போனேன். தவிடெல்லாம் எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்கு லாரி லாரியாகப் போகிறதாம். சில்லறையாகக் கேட்பவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எத்தன மாடு சார் வச்சிருக்கீங்க?"

"மாடு இல்லைங்க. எனக்குத்தான்."

"சுகரா?" என்று அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, ஒரு மூட்டையைத் தூக்கி ஸ்கூட்டியின் முன்னால் வைத்தார்கள். ஓட்டை மூட்டை. வீடு வந்து சேர்ந்தபோது, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் ஒரே நிறமாகியிருந்தன. பெரியம்மா வாசலில் மூட்டையை இறக்கி, அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒரு கை அள்ளி, மோந்து பார்த்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல தவிடு. உமி கலக்கல."

"வாங்கிக்கங்க பெரியம்மா. அம்மாவக் கூப்பிடவா?"

"ஏப்பா, ஒரு மூட்டத் தவிட்டுக்கு ஒன்னையக் குடுத்துட்டு, நான் இந்த வீட்டுல தவிட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி என் முதுகில் ஒட்டியிருந்த தவிட்டைத் துண்டால் தட்டிவிட்டார். சாமி படத்துக்குப் பின்னால் பெரியப்பாவின் வாரிசுச் சான்றிதழ் நின்றுகொண்டிருந்தது. மனைவி ஒருவர், மகன் ஒருவர். நான் கோர்ட்டில் ஜெயித்தால் அதில் ஒரு வரிசை போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வீட்டுக் காகிதத்தில் என்னை ஏற்றுவதற்கு, இன்னொரு வீட்டுக் காகிதத்திலிருந்து என்னை அவர் கையாலேயே இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூட்டை தெருவில் இருந்த மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மாடுகள் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை.

வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் என்று வக்கீலிடம் சொன்னேன். "அம்மாவ என்ன பண்ணுவீங்க?" என்றார் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஊருக்கு வந்தார். பெரியம்மா அவருக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, என்ன படிப்பு, எத்தனை கேஸ், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று முதலில் ஒரு குறுக்கு விசாரணையை முடித்தார். அதற்குப் பிறகுதான் வக்கீலுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

"அம்மா, இவரு ஒங்க மகன் இல்லன்னு நீங்க சொல்ல வேண்டாம். என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லுங்க. இவரு எங்க பொறந்தாரு?"

"பக்கத்து வீட்டு நடு உள்ளுல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. பிரசவம் பாத்ததே நாந்தான். மருத்துவச்சி வாரதுக்குள்ள தல வந்திருச்சு. மொதமொதக் கையில வாங்குனது நானு."

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதம் நான் அவரிடம் தவிட்டின் அளவு முதல் ஹெட்மாஸ்டரின் கையெழுத்து வரை சொல்லியிருக்கிறேன். என் பிறப்பை நேரில் பார்த்த ஒரே ஆள் உயிரோடு அடுத்த வீட்டில் இருக்கிறார் என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. "வணிகவியல் வாத்தியார்தானே சார் நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பழைய வாக்குமூலத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, புதியதை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தப் பிள்ளை பிறந்தது, நான் பார்த்தேன், தவிடு கொடுத்து வாங்கினேன், பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். இல்லை என்ற சொல் எங்கேயும் கிடையாது. படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டு, பெரியம்மா கோணல்மாணலாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

சாட்சி சொல்லும் நாளன்று, அம்மாவும் பெரியம்மாவும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி கிளம்பி நின்றார்கள். ஆட்டோவில் நடுவில் நான். என் மடியில் இரண்டு பேருடைய கைப்பையும்.

கூண்டில் ஏறியதும் பெரியம்மா நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். தாசில்தார் தரப்பில் வந்த அரசு வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால் அவருக்கு மேலே பதில் சொல்ல முடியாது.

"பாட்டி, இந்த வாதி ஒங்களுக்கு யாரு?"

"மகன்."

என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப இறந்துபோன அந்த லாரி டிரைவருக்கு இவர் மகன் இல்ல. அப்படித்தானே?"

"தப்பு. அவுகளுக்குப் பொறந்த மகன்தான். நாந்தானே கையில வாங்குனேன்."

"இப்பத்தானே ஒங்க மகன்னு சொன்னீங்க?"

"ஆமா. அதையும் எழுதிக்கங்க."

"சொத்துக்காக இவங்க சொல்லிக்குடுத்து, நீங்க பொய்ச்சாட்சி சொல்றீங்க என்றால் சரிதானா?"

"எங்கிட்ட வேற மாதிரிதான் சொல்லிக்குடுத்தாங்க. நான் கேக்கல" என்றார் பெரியம்மா.

நீதிபதி தட்டச்சு செய்பவரைக் கையமர்த்திவிட்டு, தாமே கேட்டார்:

"அம்மா, தவிடு குடுத்து வாங்குனதாச் சொல்றீங்க. பிறகு திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

பின்வரிசை பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து, "குடுத்துட்டாகய்யா" என்றார்.

"உமி" என்றார் பெரியம்மா.

"என்னது?"

"அவ குடுத்தது உமிங்கய்யா. தவிடு இல்ல."

டவாலி அணிந்த கோர்ட் சிப்பந்தி, சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியவர், தானே திரும்பிநின்று சிரித்தார். அம்மாவை உட்காரச் சொன்ன நீதிபதி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு, அந்தக் கேள்வியும் பதிலும் வழக்குக்கு அவசியமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், தாலுகா ஆபீஸில் புதுச் சான்றிதழ் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி, மகள், மகன் என்று மூன்று வரிசை. மூன்றாவது வரிசையில் என் பெயர், பெரியப்பாவின் இனிஷியலோடு. பள்ளிச் சான்றிலிருந்து எல்லாவற்றிலும் அதைத் திருத்திக்கொள்ள மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் போடவில்லை.

அம்மா சான்றிதழை வாங்கிக்கொண்டுபோய், யாரையும் கேட்காமல் லேமினேஷன் போட்டுவிட்டார். லேமினேஷன் போட்டதை வாங்க மாட்டோம் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். மறுபடி இ-சேவை, மறுபடி வரிசை. அந்த லேமினேஷன் இப்போது அம்மா தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஆகவேண்டிய காரியத்துக்கு வேறு நகல் வாங்கிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் முன்னால், தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று மாலை, பெரியம்மா வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருந்தது. அவர்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"கோர்ட்டுக் காயிதம் வந்திருச்சாமே. எங்கிட்ட காட்ட மாட்டியா?"

போய்த் தரையில் உட்கார்ந்தேன். தமிழ்த் தீர்ப்புதான், ஆனால் தமிழ் வாத்தியாருக்கே மூச்சு வாங்கும் வாக்கியங்கள். சுருக்கிச் சொல்லப் பார்த்தேன். அவர் விடவில்லை, எழுதியிருக்கிறபடியே படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டே வந்தேன். பிறந்தது, கையில் வாங்கியது, முறம், தவிடு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. பெரியப்பாவுக்கு நான் சட்டப்படி மகன் அல்ல என்ற இடம் வந்தபோது, என் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கியது.

"நான் கூண்டுல நின்னு மகன்னு சொன்னேனே. அத எழுதியிருக்காரா, விட்டுட்டாரா?"

தேடினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது.

"'சாட்சி, வாதியைத் தன் மகன் என்றே குறிப்பிடுகிறார். அது அவருடைய அபிமானம். அதில் இந்த நீதிமன்றம் தலையிட விரும்பவில்லை.'"

"இன்னொருக்காப் படி."

படித்தேன்.

"அப்ப தலையிடலையில்ல?"

"இல்ல பெரியம்மா."

அவர் காகிதத்தை வாங்கி, எந்த வரி என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். தானும் அங்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"சரி, கையக் கழுவிட்டு வா. தோச ஊத்துறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "இங்க சோறு ஆக்கியாச்சு" என்றார்.

"ஆக்குனா ஆக்கிக்க. அவன் இங்கிட்டுத் தின்னுட்டு அங்கிட்டு வருவான்" என்றார் பெரியம்மா.

அன்றைக்கு இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன்.